பட்டறை என்ன, தண்டனைக் கூடமா?



"ஒழுங்காகப் படி. இல்லாவிட்டால் மோட்டார் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்க வேண்டியதுதான்."

நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் ஆண்டுக்கணக்காக வழங்கிவரும் மிரட்டல் இது. பிள்ளையின் நன்மையைக் கருதித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆயினும் இந்த ஒரு வாக்கியம் இரண்டு தீங்குகளை ஒருசேரச் செய்கிறது. கையால் ஒரு பொருளைச் செய்வது அறிவில்லாதவன் வேலை என்று பிள்ளைக்குக் கற்பிக்கிறது. அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் பட்டறைக்காரர் மகனைத் தலைகுனிய வைக்கிறது. ஆகவே இன்று சற்றுக் காரமாகவே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பள்ளி விடுமுறைகளில் 110 சிசி கப்சாய் ஒன்றில் நெடும்பயணம் போகிறவன். கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். 1982இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை காட்டையும் மலையையும் ஊடறுத்துச் செல்கிறது. யானைகள் கடக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. அங்கே வண்டியில் ஒரு மரையாணி கழன்று விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராது. எனவே என் வண்டிக்குத் தேவையான துணைப்பொருள்களில் பலவற்றை நானே செய்துகொள்கிறேன். பின்பெட்டி, அதைத் தாங்கும் சட்டம், காற்றுத் தடுப்பு, கருவிகள் வைக்கும் குழாய், கைப்பேசிக்கு மின்னேற்றும் இணைப்பு ஆகியவை என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் உருவானவை. செலவு மிச்சம் என்பது சிறிய பயன். நானே செய்ததை நடுவழியில் நானே பழுதுபார்க்கவும் முடியும் என்பதுதான் பெரிய பயன்.

"தமிழ் வாத்தியாருக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

பெட்டி கேட்கும் கணக்கு

40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் அலுமினியப் பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 36,000 கன சென்டிமீட்டர், அதாவது 36 லிட்டர். இது தொடக்கப்பள்ளிக் கணிதம். ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 6,600 சதுர சென்டிமீட்டர். தகட்டின் கனம் 1.5 மில்லிமீட்டர் என்றால் உலோகத்தின் கன அளவு 990 கன சென்டிமீட்டர். அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். ஆகவே பூட்டும் மூலைச் சட்டங்களும் நீங்கலாகப் பெட்டியின் எடை ஏறத்தாழ 2.7 கிலோ. அதே பெட்டியை அதே கனத்து இரும்புத் தகட்டில் செய்தால் 7.8 கிலோவை நெருங்கும். ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள வண்டியின் பின்புறத்தில் இந்த ஐந்து கிலோ வேறுபாடு விளையாட்டன்று.

அடுத்து, பெட்டியை எங்கே பொருத்துவது? பின்சக்கரத்தின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 10 கிலோ சுமை இருக்கிறது. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 120 சென்டிமீட்டர் இருக்கிறது. விளையாட்டுத் திடலில் ஏற்றப்பலகை ஆடிய எந்தப் பிள்ளைக்கும் இது விளங்கும். பின்சக்கரம் 10 கிலோவை அல்ல, 12.5 கிலோவைச் சுமக்கிறது. முன்சக்கரத்திலிருந்து 2.5 கிலோ கழிகிறது. பெட்டியைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள முன்சக்கரம் மேலும் இலேசாகும். வளைவுகளில் கைப்பிடி தளும்பும். 'கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் உட்கார வசதி' என்று சொல்பவரிடம் நெம்புகோல் தத்துவம் சமரசம் செய்துகொள்வதில்லை.

பக்கத்தாங்கியைப் பாருங்கள். நாம் 'சைட் ஸ்டாண்ட்' என்கிறோமே, அதுதான். மழை பெய்த மண்தரையிலும் வெயிலில் இளகிய தாரிலும் அதன் கால் புதைந்து வண்டி சாய்வதைக் கண்டிருப்பீர்கள். காலின் அடிப்பரப்பு 3க்கு 4 சென்டிமீட்டர் என்றால் 12 சதுர சென்டிமீட்டர். அதற்கடியில் 8க்கு 8 சென்டிமீட்டர் தகடு ஒன்றைப் பொருத்தினால் 64 சதுர சென்டிமீட்டர். எடை அதுவேதான், அழுத்தமோ ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அழுத்தம் என்றால் என்ன என்று கரும்பலகையில் மூன்று முறை விளக்கிப் புரியாத மாணவனுக்கு, அரை மணி நேரம் அரம் பிடித்து அந்தத் தகட்டைத் தேய்க்கும்போது புரிந்துவிடும்.

மின்னிணைப்புக்கு வருவோம். கைப்பேசிக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் மின்னேற்றியின் வெளியீடு 10 வாட். இழப்பையும் சேர்த்து 12 வாட் என்று கொண்டால், 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அது 1 ஆம்பியரை இழுக்கும். ஆகவே 2 அல்லது 3 ஆம்பியர் உருகி போதும். அந்த உருகி மின்கலத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஏன்? கம்பியின் உறை எங்கேனும் உராய்ந்து உலோகத்தைத் தொட்டால், உருகிக்கு முன்னாலுள்ள பகுதிக்குப் பாதுகாப்பே இல்லை. பெரும்பாலான கப்சாய்களில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 'ஏன்' என்ற கேள்விக்கு இங்கே விடை தெரியாதவன் மதிப்பெண்ணை இழப்பதில்லை, வண்டியை இழப்பான்.

இவையெல்லாம் படிப்பில்லை என்றால், எதுதான் படிப்பு?

"கடையில் கிடைக்கிறதே!"

கிடைக்கிறது; மறுக்கவில்லை. நல்ல பொருளும் கிடைக்கிறது. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு முறையேனும் செய்து பார்க்காதவனுக்குக் கடையில் எது நல்லது, எது போலி என்று அறியும் கண் வாய்ப்பதில்லை. விலைச்சீட்டையும் பளபளப்பையும் பார்த்துத்தான் அவன் வாங்குவான்.

காற்றுத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் பலகையும் பாலிகார்பனேட் பலகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். முன்னது அடிபட்டால் கூர்முனைகளாக உடையும். பின்னது வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. ஆனால் அந்தப் பாலிகார்பனேட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோலும், மரைகள் கழலாமலிருக்க இடும் பசையும் பட்டால் அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். வெயிலில் அது விரியும் என்பதால் மரையாணியைவிடச் சற்றுப் பெரிய துளையிட்டு, ரப்பர் வளையம் வைத்து முடுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் உறுதி என்று எண்ணுகிறோம். இங்கே இறுக்கமே முறிவுக்குக் காரணம்.

கருவிகளை வைக்க வீட்டுக் குழாய்க்கான பி.வி.சி. குழாயையே பயன்படுத்தலாம். மூடியும் திருகும் சேர்ந்து மலிவாகக் கிடைக்கும். ஆனால் புகைபோக்கிக்கு அருகில் கட்டினால் அது வெப்பத்தில் இளகிவிடும். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு மரையாணியைப் பூட்டினால் அழகாகத்தான் இருக்கும். மழைநீரும் கடற்காற்றும் சேரும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும், அரிபடுவது அலுமினியமே. அதற்குரிய பசையைத் தடவாமல் பூட்டியவர் ஈராண்டு கழித்து அந்த மரையாணியைக் கழற்றப் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்! ஒரு பொருளின் குணத்தை அறிவது, அதனோடு பழகினால்தான் கைகூடும். மனிதரிடத்திலும் அப்படித்தானே?

"ஆபத்தில்லையா?"

இதுவே நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான விடை: ஆம், ஆபத்து உண்டு. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. இந்த நிலையில் 'வண்டியைத் தானே மாற்றியமைக்கிறேன்' என்று ஒரு பையன் சொன்னால் பெற்ற வயிறு பதறத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். பிள்ளைகளின் கை சும்மா இருப்பதில்லை. நாம் கற்றுத் தந்தாலும் தராவிட்டாலும் அவர்கள் வண்டியைக் கழற்றிப் பார்ப்பார்கள், மாற்றுவார்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், விடியற்காலை இருளில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சாலைக்கு வந்திருந்த பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி மாண்டார்கள். 13 முதல் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நாடே கலங்கியது. 'பாசிக்கால் லாஜாக்' என்ற சொல்லைப் பல பெற்றோர் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அவ்வகை மிதிவண்டிகளில் பலவற்றில் தடுப்புக் கருவியே இருப்பதில்லை.

மாண்ட பிள்ளைகளைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. எனக்கு வருத்தம் நம்மைப் பற்றியது. ஒரு மிதிவண்டியின் கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையை மாற்றி, எடையைக் குறைக்கும் ஆர்வமும் கைத்திறனும் நம்மைச் சுற்றியுள்ள பிள்ளைகளிடம் இருக்கின்றன. அந்த ஆர்வத்துக்கு அளவுகோலையும் சட்டத்தையும் அச்சத்தையும் கற்றுத்தர ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லை. பட்டறையை நாம் வீட்டைவிட்டும் பள்ளியைவிட்டும் துரத்தினோம். அது தெருவில் போய் அமர்ந்துகொண்டது. தெருவுக்கு ஆசிரியர் இல்லை.

ஆகவே என் வீட்டுப் பட்டறையில் விதி ஒன்று உண்டு. உதவிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். சுமப்பதைச் செய்யலாம், மறைப்பதைச் செய்யலாம், தாங்குவதைச் செய்யலாம். நிறுத்துவதையும் திருப்புவதையும் உருள்வதையும் தொடக் கூடாது. தடுப்புக் கருவி, கைப்பிடித் தண்டு, சக்கரம், வண்டியின் மூலச் சட்டகம் இந்த நான்கிலும் வீட்டுக் கைவண்ணத்துக்கு இடமில்லை. மூலச் சட்டகத்தில் ஒரு துளையிடவோ, அதன்மேல் பற்றவைக்கவோ கூடாது. பற்றவைத்த இடத்தின் விளிம்பில்தான் வெடிப்பு முதலில் தோன்றும். சுமைச்சட்டத்தை ஏற்கெனவே உள்ள மரைத்துளைகளிலேயே பூட்ட வேண்டும். நைலான் வளையம் பதித்த மரையையே பயன்படுத்த வேண்டும். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒவ்வொன்றையும் மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும்.

சட்டமும் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வண்டியை நம் விருப்பம்போல் மாற்ற அனுமதிப்பதில்லை. இரைச்சலிடும் புகைபோக்கி, அலங்கார எண்பலகை, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு இவையெல்லாம் கைத்திறன் அல்ல. அடுத்தவருக்குச் செய்யும் தொல்லை. எதை மாற்றலாம், எதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் தேவை என்று முதலில் கேட்டறிந்து, பிறகே திருகுளியைக் கையிலெடுக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். குடிமைக் கல்விக்கு இதைவிட நல்ல பாடம் எது?

"என் பிள்ளை மெக்கானிக் ஆக வேண்டுமா?"

ஒரு முறை பள்ளியில் மாணவர்களைக் கொண்டு பக்கத்தாங்கித் தகட்டைத் தேய்க்க வைத்தபோது, பெற்றோர் ஒருவர் நேரில் வந்து கேட்டார்: "ஸ்பானர் பிடிக்கவா சார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கப்சாய் என்று நாம் செல்லமாக அழைக்கும் வண்டி வகையின் மூலம், 1958இல் வெளிவந்த ஹோண்டா நிறுவனத்தின் 'சூப்பர் கப்'. 2017இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டா ஒரு கொல்லரின் மகன். போர் முடிந்து நொறுங்கிக் கிடந்த ஜப்பானில், 1946இல், இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த சிறிய எந்திரங்களை வாங்கி மிதிவண்டிகளில் பொருத்தினார். முதல் முயற்சியில் எரிபொருள் தொட்டிக்கு வழியில்லை. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வைக்கும் வெந்நீர்க் கலத்தையே தொட்டியாக்கினார். இன்று உலகெங்கும் ஓடும் வண்டிகளின் தொடக்கம், வீட்டுப் பொருளைக்கொண்டு செய்த ஓர் உதிரிப்பாகம்! அவர் தந்தை, 'படிக்காவிட்டால் என்னைப் போல் கொல்லுப்பட்டறையில் நிற்பாய்' என்று மகனை மிரட்டி, மகனும் பயந்திருந்தால்?

ஜப்பானுக்குப் போவானேன்? நம் வரலாற்றையே பார்ப்போம். செந்தூல் இரயில்வே பட்டறையில் எந்திரங்களைப் பிரித்துக் கோத்த கைகளில் தமிழர் கைகள் எத்தனை! தோட்டங்களில் ரப்பர் ஆலைகளின் எந்திரங்களை ஓடவைத்தவர்கள், 'பிட்டர்' என்று அழைக்கப்பட்ட நம் தாத்தாக்கள். உதிரிப்பாகம் வரும்வரை ஆலையை நிறுத்திவைக்க முடியாது என்பதால், கடைந்தும் காய்ச்சியும் தாமே செய்துகொண்டவர்கள் அவர்களில் உண்டு. அந்த அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. பேரப்பிள்ளைகளாகிய நாம் அதைக் கற்றுக்கொள்ளவும் இல்லை. 'பட்டறை' என்ற சொல்லை வசைச்சொல்லாக மாற்றிக்கொண்டோம்.

உங்கள் பிள்ளை மருத்துவராகட்டும், கணக்காய்வாளராகட்டும், வாழ்த்துகிறேன். எலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கும் அறுவை மருத்துவருக்கும் வேண்டியது இதே கைதான். மெக்கானிக் ஆனால் அதற்காகவும் வாழ்த்துகிறேன். நம் உயிரை ஒவ்வொரு நாளும் நம்பி ஒப்படைப்பது அவர் முடுக்கிய மரையின்மேல் அல்லவா?

தமிழுக்கு என்ன ஆதாயம்?

தமிழாசிரியன் இதைச் சொல்லாமல் விடலாமா? அரம், குறடு, உளி, மரையாணி, திருகாணி, மூலைமட்டம், இரசமட்டம், தூக்குக்குண்டு, துருத்தி, பட்டடை. இவற்றில் எத்தனைச் சொற்களை நம் மாணவர் அறிவர்? அகராதியில் கிடக்கும் சொல்லை மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். "அந்த அரத்தை எடு, மூலைமட்டம் வைத்துக் கோடு போடு" என்று கேட்டுக் கையால் எடுத்த பிள்ளைக்கு அது மறப்பதில்லை. செய்முறையை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். 'முதலில் அளந்தேன், பின்னர் அறுத்தேன், ஓரத்தைத் தேய்த்தேன்' என்று தானே செய்ததை எழுதும் மாணவன் மனனம் செய்த கட்டுரையின் போலி அலங்காரத்தைத் தேட மாட்டான். மொழி வாழ வேண்டுமானால் அது மேடையில் மட்டும் முழங்கினால் போதாது. பட்டறையிலும் புழங்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு: 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடத்தை விளையாட்டுப் பாடமாக எண்ணி, அந்த நேரத்தைக் கணிதப் பயிற்சிக்குக் கடன் வாங்காதீர்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வு மனம் இன்னும் போகவில்லை. நான் மேலே காட்டிய பெட்டிக் கணக்கை நாளைக்கே வகுப்பில் அட்டையை வைத்துச் செய்து பாருங்கள். மோட்டார் சைக்கிள் தேவையில்லை; அளவுகோலும் கத்தரிக்கோலும் போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு: ஆண்டுதோறும் தன்முனைப்புப் பேச்சாளரை அழைக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமையாவது உங்கள் பள்ளியிலேயே பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு பட்டறைக்காரரை அழையுங்கள். அவருக்கும் மாலை போடுங்கள். அவர் மகன் அன்று எப்படி நிமிர்ந்து உட்காருகிறான் என்று பாருங்கள்.

பெற்றோர்களுக்கு: வீட்டில் ஓர் இழுப்பறையைக் கருவிகளுக்கு ஒதுக்குங்கள். ஓர் அளவு நாடா, ஒரு குறடு, ஓர் அரம், நான்கு திருகுளி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் சேர்த்தே. மரைக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மின்கருவியைத் தனியே கையாள விடாதீர்கள். கோணலாய் வந்தால் சிரிக்காதீர்கள். மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் வாங்கத் தெரிந்தவர்களாக மட்டும் வளர்ந்தால், யார் செய்ததையோ யார் சொன்ன விலைக்கோ வாங்கிக்கொண்டே இருப்பார்கள். செய்யத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவனுக்கும் அவளுக்கும் அந்த உரிமையை மறுக்க நாம் யார்?

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன், ஒரே ஒரு மரையையாவது உங்கள் கையால் முடுக்கிவிட்டு வாருங்கள்.

சிந்திப்போம், செய்வோம்.